செண்பகா காட்டன்ஸ் முகப்புப் படம்

வா தாயி, உள்ள வா. வெயில்ல நிக்காத. செண்பகா காட்டன்ஸ்தானே கேட்ட? அது இங்க இல்ல. இருந்துச்சு, இப்ப இல்ல. அந்த மேப்புல இன்னும் இந்த வீட்டத்தான் காட்டுதாம். அப்பப்ப யாராவது ஒன்ன மாதிரி வந்து நிக்காக. ஆட்டோவ அனுப்பிட்டியா? அப்ப உக்காரு. மருமக மாசமா இருக்கா, மகன் அவளக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான். அவன் வந்ததும் பஸ் ஸ்டாண்டுல விடச் சொல்றேன். மோர் தாரேன், குடி.

யாரா? எம் மகதான். செண்பகவல்லி. கோவில்பட்டி அம்மன் பேரு, அவ அப்பா வச்சது. அந்தச் செண்பகாதான் இந்தச் செண்பகா.

இல்ல, ஊர்ல இல்ல. கோயம்புத்தூர்ல இருக்கா. தொழிலுக்காகப் போயிருக்கா. கூரியருக்கு அங்கதான் வசதி, ஆர்டரும் ஜாஸ்தி. கேக்குறவுகளுக்கெல்லாம் அப்படித்தான் சொல்றேன். ஒனக்கும் அப்படித்தான் சொல்றேன்.

அவளக் கட்டிக் குடுத்தது விருதுநகருக்கு. மாப்பிள்ளை கதிரேசன் லாரி ஷெட்டுல கணக்கு எழுதுற வேலை. நல்ல புள்ள. மஞ்சக்காமாலைன்னு படுத்தாரு, எந்திரிக்கல. கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சேலை மடிப்புக் கலையாம இருக்கையிலேயே இங்க வந்துட்டா. புள்ளையும் இல்ல. இந்தா, அந்தப் பின் அறை இருக்கு பாரு, அதுலதான் இருந்தா. நான் ஒரு சொல்லுச் சொன்னதில்ல. வெளிய போகாதன்னு சொன்னதில்ல. விசேஷத்துக்கு வராதன்னு சொன்னதில்ல. யாராவது வந்தா உள்ள இருந்துக்கம்மான்னு மட்டும் சொல்லுவேன். அது அவ நல்லதுக்கு. நாலு பேரு முன்னாடி நின்னு, எவளாவது மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனா, அவளுக்குத்தானே வலிக்கும்?

எனக்குத் தெரியும் தாயி. அவ அப்பா போனப்ப இவளுக்குப் பள்ளிக்கூட வயசு, மகன் அதுக்கும் சின்னவன். இவ கல்யாணத்துல நான் எங்க இருந்தேன் தெரியுமா? மண்டபத்துச் சமையக்கட்டுல. தாலி கட்டுற மேளச்சத்தம் கேட்டுச்சு, கண்ணத் தொடச்சுக்கிட்டு அப்பளம் பொரிச்சேன். எங்கொழுந்தனாரும் அவுக சம்சாரமும் தாரவாத்துக் குடுத்தாக. யாரும் என்னைய வராதன்னு சொல்லல. நமக்கே தெரியணும்ல.

சரி, அத விடு. சேலைக் கதையக் கேளு.

பின் அறையில சும்மா இருந்தா புத்தி கெட்டுப்போகும்னு, கூடப் படிச்ச ஜெனிட்டான்னு ஒருத்தி வந்து வந்து சொல்லுவா. பஸ் ஸ்டாண்டு எதுத்தாப்ல டிசைன் கடை வச்சிருக்கா. கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ், எல்லாம் அடிக்கிறா. நம்ம அருப்புக்கோட்டைக் காட்டன் சேலைய எல்லாரும் எங்கெங்கயோ இருந்து வாங்கி விக்கிறாக, நீ தறிக்காரர் வீட்டுக்குப் பக்கத்துலயே இருந்துக்கிட்டுச் சும்மா இருக்கியேன்னு கேட்டா. இவ சரின்னா. எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு. வீட்டுக்குள்ள இருந்து செய்யிற வேலை. யாரு கண்ணுலயும் படப்போறதில்ல. ஃபோனுக்குள்ளதானே?

ஜெனிட்டாதான் பேஸ்புக்ல பேஜ் போட்டுக் குடுத்தா. அதுக்கு மேல ஒரு பெரிய படம் இருக்குமாம்ல, கவர் போட்டோன்னு. அது இல்லாத பேஜ் போர்டு இல்லாத கடை மாதிரின்னா. மொதல்ல சேலைய அடுக்கி வச்சு, ஓரத்துல ஒரு தாமரைப்பூவு, தங்கக் கலர்ல எழுத்துன்னு ஒண்ணு செஞ்சா. எனக்குப் புடிச்சிருந்துச்சு. லட்சுமி கடாட்சமா இருந்துச்சு. ஆனா ஒருத்தரும் சீண்டல. அந்த மாதிரிப் படம் ஊர்ப்பட்டது இருக்காம். பாக்குறவுக கண்ணு நிக்காதாம்.

பெறகு ஒரு நாளு ரெண்டு பேரும் மொட்டமாடிக்குப் போனாளுக. பக்கத்து வீட்டு மாடியில சாயம் போட்ட நூலு, செக்கச்செவேல்னு, கொடிகொடியாத் தொங்குது. இவ ஒரு மஞ்சக் கட்டம் போட்ட சேலை, அரக்கு பார்டரு, அதக் கட்டியிருக்கா. ஜெனிட்டா வரும்போது மல்லிகைப்பூவு வாங்கிட்டு வந்திருக்கா. அதத் தலையில வச்சு, ஒரு பொட்டும் வச்சு விட்டிருக்கா. படத்துக்குத்தானேன்னு. நான் கீழ வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தேன். மேல இருந்து ஒரு சிரிப்புச் சத்தம். யாரு சிரிக்கிறதுன்னு ஒரு நிமிஷம் எனக்குத் தெரியல. நம்ம மகதான்னு பெறகுதான் உறைச்சுச்சு. அம்புட்டு நாளாச்சு கேட்டு.

நீ பாத்திருக்கியா அந்தப் படத்த? பாத்திருக்க மாட்ட. அது இப்ப இல்ல.

இவ வலதுகைப் பக்கம் நிக்கா. இடது பக்கம் கீழ வட்டமா கடை முத்திரை வந்து உக்காருமாம், அங்க ஆளு நின்னா மறைச்சிருமாம். கம்ப்யூட்டர்ல ஒரு மாதிரித் தெரியும், ஃபோன்ல ஓரமெல்லாம் வெட்டுப்படும், அதனால பேர நடுவுல வச்சிருக்கேன்னு ஜெனிட்டா எனக்கே காமிச்சா. நெறைய எழுதக் கூடாதாம். பேரு, ஊரு, அவ்வளவுதான். அந்த மஞ்சக் கலரையே எடுத்துச் சேலை போடுற பையி, சீட்டு, வாட்ஸ்அப்பு எல்லாத்துலயும் வச்சா. எங்க பாத்தாலும் இது செண்பகான்னு தெரியணுமாம். நான் எங்கிட்டுக் கண்டேன் இதெல்லாம். ஆனா ஒண்ணு சொன்னா, அது மட்டும் மனசுல நின்னுச்சு. சேலையத் தொட்டுப் பாக்க முடியாது ஆன்ட்டி, அதனால ஆளப் பாத்துத்தான் நம்புவாக, இவ சிரிப்பப் பாத்தா நம்புவாகன்னா.

நம்புனாக. ஆர்டர் வந்து குமிஞ்சுச்சு. இந்தத் தாவாரம் பூரா சேலை. எங்கெங்கயோ இருந்து பொம்பளையாளுக எழுதுவாக. செண்பகாக்கா, ஒங்க முகத்தப் பாத்தா எங்கூட்டு ஆளு மாதிரி இருக்குன்னு எழுதுவாக. இவ வாசிச்சுக் காட்டுவா. நல்லாச் சாப்பிட ஆரம்பிச்சா. தறிக்காரவுககிட்ட இவளே போயி பேரம் பேசுவா. நான் கோயில்ல நெய் வெளக்குப் போட்டேன், பொய் சொல்லல.

ஆனா ஊரு வாயி இருக்கே. மொதல்ல அவ நாத்தனாரு ஃபோனு போட்டா, விருதுநகர்ல இருந்து. எந்தம்பி போயி எம்புட்டு நாளாச்சு, அதுக்குள்ள பூவும் பொட்டுமா ஊரு பாக்க நிக்காளான்னு கேட்டா. நான் என்ன சொல்ல? படத்துக்குன்னு சொன்னேன். படத்துக்குன்னா வேற எவளும் கெடைக்கலையான்னா. எங்கொழுந்தனாரு வந்து ஒண்ணுமே பேசாம ஃபோன மட்டும் காமிச்சுட்டுப் போனாக. பேசியிருந்தாக் கூடத் தேவலாம்.

நான் எம் மகளக் கண்டிக்கல. ஜெனிட்டாவத்தான் கேட்டேன், பூ இல்லாம ஒண்ணு எடுக்கக் கூடாதாம்மான்னு. அவ சிரிச்சுக்கிட்டே, ஆன்ட்டி, பிராண்டுக்கு ஒரு முகம் ஒட்டிக்கிச்சுன்னா அத மாத்தக் கூடாது, மாத்துனா கடை கைமாறிருச்சுன்னு நெனைப்பாகன்னு சொன்னா. அப்ப சரின்னு விட்டுட்டேன். விட்டுத்தானே குடுத்தேன்?

அந்த நேரத்துலதான் மகனுக்குச் சம்பந்தம் வந்துச்சு. மகன் பேரு குருநாதன், மில்லுல சூப்பர்வைசரா இருக்கான். பொண்ணு சிவகாசி. நல்ல குடும்பம், படிச்ச பொண்ணு, பேரு சுபத்ரா. எனக்கு ஜாதகம் பாத்ததுல இருந்து இதுதான்னு மனசுல விழுந்துருச்சு. மூத்தவ ஒருத்தி இருக்கா, இப்படி ஆயிருச்சு, வீட்டோட இருக்கா, வெளிய தெருவ வரமாட்டான்னு தரகர் மூலமாச் சொல்லி வச்சிருந்தோம். அதுல ஒண்ணும் பொய் இல்ல.

அவுக வீடு பாக்க வந்தாக. இந்த ஹாலு நெறைய ஆளு. எங்கொழுந்தனாருதான் முன்னாடி உக்காந்து பேசுறாக. நான் இந்த நெலைவாசலுக்கு அங்கிட்டு நிக்கேன். செண்பகம் அடுப்படியில காபி ஆத்துறா. பக்கத்து வீட்டுப் பொண்ணு எடுத்துட்டுப் போயிக் குடுக்கு. எல்லாம் நல்லாப் போயிக்கிட்டிருக்கு. பொண்ணோட தாய்மாமன் ஒருத்தரு, நல்ல மனுஷன் மாதிரித்தான் இருந்தாரு, ஃபோன எடுத்தாரு. இந்தச் சேலை யாவாரம் ஒங்க வீட்டுல இருந்துதான் நடக்குதாம்ல, எங்க வீட்டுப் பொம்பளைக சொன்னாகன்னாரு. ஆமான்னோம். அந்தப் படத்தக் காமிச்சாரு.

“இந்தப் பொண்ணு யாரு?”

எங்கொழுந்தனாரு என்னையப் பாத்தாக. எல்லாரும் நான் நின்ன பக்கம் பாத்தாக. பூவும் பொட்டுமா, முடிய விரிச்சுவிட்டுச் சிரிச்சுக்கிட்டு நிக்கா அதுல. வெளிய தெருவ வராத மகன்னு சொல்லி வச்சிருக்கோம். என்ன சொல்லியிருக்கணும்ங்கிற நீ?

“அது படத்துக்கு நிக்க வந்த புள்ள. சம்பளத்துக்கு வந்தது.”

ஒரே ஒரு சொல்லு. அவரு ஓகோன்னுட்டு ஃபோன உள்ள வச்சுட்டாரு. முறுக்கு நல்லாருக்குன்னு சொன்னாரு. அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு. ஒரு சொல்லுல ஒரு கல்யாணம் நின்னு போகாமப் பாத்துக்கிட்டன்னு எங்கொழுந்தனாரே பெறகு சொன்னாக, கெட்டிக்காரின்னு.

அடுப்படிக்கும் ஹாலுக்கும் எம்புட்டுத் தூரம், நீயே பாரு. கேட்டிருப்பாதான். நான் உள்ள போனப்ப டம்ளரக் கழுவிக்கிட்டிருந்தா. அவுகளுக்குச் சீனி போதுமா இருந்துச்சான்னு மட்டும் கேட்டா. போதும்மான்னேன். வேற எவளா இருந்தாலும் சட்டியப் போட்டு ஒடைச்சிருப்பா. எம் மக அப்படி இல்ல. புரிஞ்சுக்கிட்டா. தம்பின்னா அவளுக்கு உசுரு.

மறுநாளு ஜெனிட்டா கடைக்கு நானே நடந்து போனேன். அந்த முகத்த எடுத்துரும்மான்னேன். சேலைதானே விக்கிறோம், சேலை இருந்தாப் போதாதா, கழுத்துக்குக் கீழ விட்டுட்டு மேல வெட்டிருன்னேன். அவளுக்கு வந்துச்சே கோவம். செண்பகம் வந்து சொல்லட்டும் ஆன்ட்டி, நீங்க சொல்லி நான் செய்ய மாட்டேன்னுட்டா. மரியாதையில்லாதவ. சரின்னு வந்து மககிட்டச் சொன்னேன். கல்யாணம் முடியிற வரைக்கும்தான், பெறகு திருப்பிப் போட்டுக்கலாம்னு சொன்னேன். ஆமா, அப்படித்தான் சொன்னேன். அவ சேலை மடிச்சுக்கிட்டிருந்தா. மடிச்சு முடிச்சுட்டுச் செருப்பப் போட்டுக்கிட்டுப் போனா.

அங்க நடந்தது ஜெனிட்டா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஜெனிட்டா எவ்வளவோ சொல்லிப் பாத்திருக்கா. முகத்தத் திருப்பி நிக்கிற மாதிரி வேற எடுக்கலாம், நூலுக் கொடியக் கொண்டு மறைக்கலாம், கோட்டுப் படமா வரைஞ்சு வைக்கலாம், யாருன்னு தெரியாதுன்னு. இவ வேண்டாம், வெட்டுன்னுட்டாளாம். இவளே பக்கத்துல நாற்காலியப் போட்டு உக்காந்து, கோடு எங்க வரணும்னு காமிச்சாளாம். வெட்டுனதுக்குப் பெறகும் தாடை கொஞ்சம் தெரியுது, இன்னும் எறக்குன்னாளாம். மல்லிகைச் சரம் ஒண்ணு தோளுல வந்து விழுந்து கெடந்திருக்கு. அது இருந்தா என்ன, அழகா இருக்குன்னு ஜெனிட்டா சொல்லியிருக்கா. இவ, அதையும் அழிச்சுருன்னு சொல்லிட்டு, ஒவ்வொரு பூவா அழியிற வரைக்கும் உக்காந்து பாத்துட்டுத்தான் எந்திரிச்சாளாம்.

எதுக்கு எங்கிட்ட வந்து இதச் சொல்லணும் அவ? பூவ அழிக்கச் சொல்லி நான் சொல்லவே இல்லையே. முகத்தத்தானே சொன்னேன்.

வீட்டுக்கு வந்தா, சாப்பிட்டா, படுத்தா. ஒண்ணும் வித்தியாசம் இல்ல. யாவாரமும் நடந்துச்சு. சேலை நல்ல சேலைதானே. ஆனா பொம்பளையாளுக கேக்க ஆரம்பிச்சாக. சிரிச்ச அக்கா எங்க, செண்பகாக்கா எங்கன்னு. மகன்தான் வாசிச்சுக் காமிச்சான், இவ அதுக்கு எழுதுன பதில. அவங்க சம்பளத்துக்கு வந்தவங்க, இப்ப வர்றதில்லன்னு எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதியிருக்கா. மகன் ஏன் மூஞ்சிய ஒரு மாதிரி வச்சுக்கிட்டான்னு தெரியல. எனக்கு நிம்மதியா இருந்துச்சு. பொண்ணு வீட்டுக்காரவுக பாத்தாலும் ரெண்டு பேச்சு ஒத்துப்போகும்ல. எம்புட்டு யோசனையா எழுதியிருக்கான்னு நெனச்சேன்.

குடி தாயி, மோரு அப்படியே இருக்கு. உப்பு பத்தலையா?

கல்யாணம் சிவகாசியில. பொண்ணுக்குக் கூறைப்புடவை தவிர மத்த சேலையெல்லாம் இவ எடுத்து வச்சதுதான். ஒவ்வொண்ணா மடிச்சு, உள்ள பேப்பர் வச்சு, மஞ்சப் பையில போட்டுக் குடுத்தா. வீட்டப் பூட்டிட்டு எல்லாரும் போனா களவு போகும், நீ இருந்துக்கிறியாம்மான்னு கேட்டேன். கேட்டேன், சொல்லல. இருந்துக்கிறேன்னா. நானும் அங்க போயித் தூணுக்குப் பின்னாடிதான் நின்னேன், ஒரு தடவ கூட மேடைப் பக்கம் போகல. யாருக்கும் ஒரு குறை வைக்கல. நல்லாத்தான் நடந்துச்சு.

பொண்ணும் மாப்பிள்ளையும் இங்க வந்தாக. ஆரத்தி எடுத்து முடிஞ்சு உள்ள வாராக. செண்பகம் அந்தப் பின் அறை வாசல்ல நிக்கா. புதுப்பொண்ணு, இந்தச் சுபத்ரா, நேரா அவகிட்டப் போயிட்டா. கையப் புடிச்சுக்கிட்டா.

“நீங்கதானே அந்தக் கவர் போட்டோ அக்கா?”

செண்பகம் என்னையப் பாத்தா. நான் குனிஞ்சு வாசல்ல கெடந்த செருப்ப ஒதுக்கி வச்சுக்கிட்டிருந்தேன். வந்தவுக செருப்பு அம்புட்டும் தாறுமாறாக் கெடந்துச்சு. நிமிந்து பாத்தப்ப இவ உள்ள போயிட்டா.

பெறகுதான் மருமக சொன்னா. அவ ரொம்ப நாளா இந்தப் பேஜ்ல சேலை வாங்குறவளாம். அந்தப் படத்த ஃபோன்ல வச்சிருந்தாளாம். அருப்புக்கோட்டையில இந்த வீடுன்னு தரகர் சொன்னதும், அந்தக்கா வீடான்னு கேட்டுச் சம்மதிச்சாளாம். இவ கேக்கச் சொல்லித்தான் அந்தத் தாய்மாமன் அன்னைக்கு ஃபோன எடுத்துக் கேட்டிருக்காரு. ஒங்க வீட்டுப் பொண்ணான்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்கன்னு அனுப்பியிருக்கா. சம்பளத்துக்கு வந்த புள்ளையாம்னு அவரு வந்து சொன்னதும், இவ ரெண்டு நாளு வேண்டாம்னு கூட யோசிச்சாளாம். பெறகு அவுக அம்மா சொல்லித்தான் சரின்னாளாம்.

இத மொதல்லயே அவரு சொல்லியிருக்கலாம்ல? நல்லதுக்குக் கேக்கேன், பொண்ணு ஆசைப்படுதுன்னு ஒரு வார்த்தை. அத விட்டுட்டு ஃபோன நீட்டி யாருன்னு கேட்டா, எந்தத் தாயும் அப்படித்தானே சொல்லியிருப்பா? அவரு கேட்ட தோரணை சரியில்ல. இன்னைக்கும் எனக்கு அவரு மேல வருத்தந்தான்.

அந்த வாரமே செண்பகம் கோயம்புத்தூருக்குக் கெளம்பிட்டா. காலையில, எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத்தான் போனா. அங்க ஒரு கடை பாத்திருக்கேன், கூரியர் வசதின்னா. தம்பி எவ்வளவோ சொன்னான். மருமக அழுதா. நான் புளியோதரை கட்டிக் குடுத்தேன். வாங்கிக்கிட்டா. கோவமாப் போறவ வாங்குவாளா? அதனாலதான் சொல்றேன், தொழிலுக்காகத்தான் போனான்னு.

போயி ஒரு தீவாளியும் வந்துட்டுப் போயிருச்சு. காசு அனுப்புறா, சேலை அனுப்புறா. ஃபோனு போட்டா எடுக்குறா. நல்லாருக்கேன், நல்லாருக்கேன். அவ்வளவுதான் பேச்சு. நான் ஜெனிட்டாகிட்டப் போயி, கல்யாணந்தான் முடிஞ்சிருச்சே, அந்தப் பழைய படத்தத் திருப்பிப் போட்டுரும்மான்னேன். முடிஞ்சதும் போடலாம்னு அன்னைக்கே சொன்னேன்ல, சொன்ன சொல்லக் காப்பாத்தணும்ல. அவ, எங்கிட்ட இல்ல ஆன்ட்டி, அன்னைக்கே அழிச்சுட்டுப் போயிட்டா, கம்ப்யூட்டர்லயும் இல்ல, எங்கயும் இல்லன்னுட்டா. மருமக ஃபோன்ல இருந்துச்சுல்ல, அதக் கேட்டேன். அது பழைய ஃபோனாம், போயிருச்சாம். அந்தப் பொண்ணு பொய் சொல்லாது.

வீட்டுல எம் மக படம்னு பாத்தா கல்யாணப் படம் ஒண்ணுதான். அதுல தலையக் குனிஞ்சுக்கிட்டிருக்கா. நான் அதையும் பீரோவுக்குள்ள வச்சிருக்கேன், மாப்பிள்ளை இருக்காரேன்னு.

பெறகு மருமகளுக்கு நாளு தள்ளிப்போச்சு. இந்தச் சேதிய ஃபோன்ல சொல்லக் கூடாது, நேர்ல போயிச் சொல்லுவோம்னு நானே பஸ் ஏறிட்டேன். அதிரசம் சுட்டு எடுத்துக்கிட்டேன், அவளுக்குப் புடிக்கும். ஒருத்தர்கிட்டயும் சொல்லல, மகனுக்கு மட்டும் தெரியும். விசாரிச்சு விசாரிச்சுப் போயிச் சேந்தேன். மாடியில கடை. நல்ல பெரிய எடம். அஞ்சாறு பொம்பளையாளுக உக்காந்து சேலை மடிக்கிறாக. சுவரெல்லாம் அந்த மஞ்சக் கலருதான். இவ ஒரு பெரிய கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து பொங்கலுக்குக் கவர் போட்டோ செஞ்சுக்கிட்டிருக்கா. அந்த வேலையெல்லாம் இவளே கத்துக்கிட்டாளாம். படத்துல சேலை மட்டும் இருக்கு, கொசுவம் வச்சு விரிச்ச மாதிரி, நடுவுல பேரு. நான் வாசல்ல நிக்கிறதப் பாத்துட்டா. ஒடனே எந்திரிச்சா.

“வாங்கம்மா. உக்காருங்க.”

நான் பின்னாடி திரும்பிப் பாத்தேன் தாயி. எனக்குப் பின்னாடி யாரோ வந்திருக்காகன்னு நெனச்சேன்.

எங்க பக்கத்துல எந்தப் புள்ள அம்மாவ வாங்கன்னு சொல்லும்? வா, போ, நீதான். பொறந்ததுல இருந்து அப்படித்தான் பேசியிருக்கா. ஏம்மா இப்படிப் பண்ற, சோறு வச்சியா, நீ சும்மா கெடன்னுதான் பேசுவா. இப்ப தண்ணி குடிங்க, ஃபேனப் போடட்டுமாங்க, பஸ்ஸுல ஒக்கார எடம் கெடைச்சுச்சாங்க. சாப்பாடு வாங்கிட்டு வரச் சொல்லி எலை போட்டுப் பரிமாறுனா. சேதியச் சொன்னேன். ரொம்பச் சந்தோஷங்க, சுபத்ராவுக்கு நான் ஃபோன்ல பேசிக்கிறேங்கன்னா. அதிரசத்த எல்லாருக்கும் எடுத்துக் குடுத்தா, அவளும் ஒண்ணு தின்னா. எனக்கு ஒரு சேலை எடுத்துக் குடுத்தா, நல்ல சாம்பக் கலரு. ஒரு கொறை சொல்ல முடியாது. சம்பந்தி வீட்டுக்குப் போனாக் கூட அப்படிக் கவனிக்க மாட்டாக.

நானும் பேச்ச எடுத்தேன். அந்தக் கம்ப்யூட்டரக் காமிச்சு, இதுல ஒன் மொகத்தப் போட்டுக்கம்மா, இனிமே ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாகன்னேன். அவ கோவிச்சுக்கல. சிரிச்சா. சிரிப்புன்னா, ஒதடு மட்டும்.

“அது இந்த பிராண்டுக்குச் சரி வராதுங்கம்மா. ஜனங்க இப்படியே பழகிட்டாங்க.”

அவ்வளவுதான் சொன்னா. சேலை மடிக்கிற பொம்பளை ஒருத்தி என்னையப் பாத்து, ஊர்ல இருந்து வந்திருக்கீங்களான்னு கேட்டா. ஆமான்னேன். வேற என்ன சொல்ல?

சாயங்காலம் பஸ் ஏத்திவிட அவளே வந்தா. சன்னல் ஓரமா எடம் புடிச்சுக் குடுத்தா, தண்ணி பாட்டிலு வாங்கிக் குடுத்தா. பஸ்ஸு எடுக்குற வரைக்கும் கீழ நின்னா. அப்ப அவளுக்கு ஒரு ஃபோனு. ஜெனிட்டா போலருக்கு. ஏ, எரும, நீ எப்படி வரப்போற, வாடின்னா வரமாட்டியான்னு பழையபடி பேசுறா. சத்தமாப் பேசுறா. நான் சன்னல் வழியாக் கேட்டுக்கிட்டே இருந்தேன். பஸ்ஸு நகந்துச்சு. ஃபோனக் கீழ எறக்கி, என்னையப் பாத்து, பாத்துப் போயிட்டு வாங்கன்னு சொன்னா.

கோயம்புத்தூர்ல எல்லாரும் அப்படித்தானே தாயி பேசுவாக? சின்னப் புள்ளையக் கூட வாங்க, போங்கன்னுதானே சொல்லுவாக? நீ நாலு ஊரு போறவ, ஒனக்குத் தெரியும்ல. அந்த ஊருத் தண்ணி அப்படி. கடையில நாள் பூரா வர்றவுக போறவுககிட்டப் பேசிப் பேசி அந்தப் பழக்கம் நாக்குல ஒட்டிக்கிருச்சு. மருமககிட்டயும் அதத்தான் சொன்னேன், அவ எந்திரிச்சுப் போயிட்டா.

நீ சொல்லு. பழக்கந்தானே?